ஐந்தும் மூன்றும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஒரு நெசவாளர் நண்பர் உண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால், கண் காணுமுன் விரலால் கண்டுபிடித்துவிடுவார். அவர் வீட்டுப் பின்வேலியில் கிருஷ்ணகமலக் கொடி படர்ந்திருக்கிறது. கொடியைக் கொடுத்தவர்கள் கதையையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். சுற்றி நிற்கும் ஊதா இழைகள் நூறும் கௌரவர்கள். நடுவே உள்ள மகரந்தப் பைகள் ஐந்தும் பாண்டவர்கள். அவற்றுக்கு மேலே நிற்கும் மூன்று சூல்முடிகளும் மும்மூர்த்திகள்.

பாண்டவதூதப் பெருமாள் கோயில் கொண்ட ஊரில் இந்தக் கதைக்கு வரவேற்பு குறைவாகவா இருக்கும்? துரியோதனன் வெட்டிவைத்த பள்ளத்தை மீறி விசுவரூபம் எடுத்த கண்ணன், ஏறத்தாழ 25 அடி உயரத்தில் அங்கே அமர்ந்திருக்கிறான். நண்பருக்கு அவனிடம் உயிர்.

சென்ற முறை போனபோது மனிதரின் முகம் வாடியிருந்தது.

"எண்ணிப் பாத்துட்டேன் சார். நாலு பூ எண்ணினேன், ஒண்ணுலயும் நூறு வரலே. பூவுக்குப் பூ கணக்கு மாறுது. அப்போ கதை பொய்யா சார்?"

அவருக்கு இன்னொரு கதை சொன்னேன். இந்தக் கொடியினங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டத்தவை. அங்கே போன ஸ்பானியப் பாதிரிமார்கள் பூவைப் பார்த்ததும் ஏசுநாதரின் பாடுகளை நினைத்தார்கள். இழைவட்டம் முள்முடி, ஐந்து பைகளும் ஐந்து காயங்கள், மூன்று சூல்முடிகளும் ஆணிகள். 1610 வாக்கில் ரோமாபுரியில் போசியோ என்பவர் இதை எழுதிப் பரப்பினார். புறவிதழும் அகவிதழும் சேர்ந்து பத்துத்தான். சீடர்களோ பன்னிருவர். காட்டிக்கொடுத்த யூதாஸையும் மறுதலித்த பேதுருவையும் கழித்துக் கணக்கை நேராக்கிவிட்டார்கள்! நண்பர் கொஞ்சம் சிரித்தார்.

1753இல் லின்னேயஸ் பாஸிஃப்ளோரா என்று பெயரிட்டபோது, பாடுகளின் கதை பெயரில் மட்டும் தங்கிற்று. பிரிவுக்கு அவர் பார்த்தது வேறு: மகரந்தத்தாளும் சூலகமும் ஒரே தண்டின்மேல் ஏறி நிற்கின்றன. அதற்காக ஆர்க்கிட் பூக்கள் இருந்த வகுப்பிலேயே இதையும் வைத்தார். 1789இல் பாரிஸின் ஜுஸ்ஸியூ பூசணிக் கூட்டத்தோடு சேர்த்தார். கொடி, பற்றுக்கம்பி, சதைக்கனி எல்லாம் பூசணியைப் போலத்தானே? ஆனால் பூசணியின் பற்றுக்கம்பி இலைக்காம்புக்குப் பக்கவாட்டில் கிளம்புகிறது. இதிலோ இலைக்கக்கத்திலிருந்தே வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜுஸ்ஸியூவே இதைத் தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார். தவறை ஒப்புக்கொள்ளும் சாஸ்திரிகள் எங்கும் அபூர்வம்.

நம் பக்கமும் வெறும் பார்வையாளராக இருந்துவிடவில்லை. புதுச்சேரியில் பணிபுரிந்த பிரெஞ்சுத் தாவர அறிஞர் லெஷெனோவின் பெயரை, தென்னிந்திய மலைக்கொடி ஒன்றுக்கு 1828இல் தெ கந்தோல் சூட்டினார்.

நண்பரை வேலிக்கு வெளியே அழைத்துப் போனேன். அங்கே சிறுபூனைக்காலி மண்டிக் கிடந்தது. பிசுபிசுத்த மயிர்வலைக்குள் மஞ்சள் கனி. பிள்ளைகள் பறித்துத் தின்பார்களே, அதுதான். பெயரை நம்பிவிடக் கூடாது. பூனைக்காலி என்பது அவரைக்கு உறவு. இந்தச் சிறிய பூனைக்காலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாடாத பூ ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தேன். அவர் இழைகளைத் தொடவே இல்லை. நடுவை மட்டும் பார்த்தார்.

"அஞ்சு. மேலே மூணு. மாறலே சார்!"

தெருவோரத்தில் டர்னேரா என்ற செடியும் பூத்திருந்தது. காலையில் வெளுப்பாக விரிந்து, நண்பகலில் சுருண்டுவிடும் பூ. அதற்குக் கொடியும் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை, இழைவட்டமும் இல்லை. தனிக் குடும்பமாகவே வெகுகாலம் வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் 2009இல் வெளியிட்ட வகைப்பாட்டில் கிருஷ்ணகமலத்தின் குடும்பத்திலேயே அதைச் சேர்த்தார்கள். பூசணி தூரத்துச் சொந்தமாகிவிட்டது. ஆமணக்கும் ஓரிதழ்த்தாமரையும் நெருங்கி வந்தன. அந்த டர்னேராவிலும் மகரந்தத்தாள் ஐந்து, சூல்தண்டு மூன்று.

இதற்குள் நண்பரின் மனைவி வந்துவிட்டார். "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணா, இந்த முள்ளுப்புழுவுக்கு என்ன வழி? இந்தக் கொடியையும் தின்னுது, அந்தச் செடியையும் தின்னுது. பக்கத்துல இருக்கிற வேறெதையும் தொடறதில்லே!"

செம்பழுப்பு நிறத்தில் உடலெல்லாம் கிளைமுள் கொண்ட புழு. ஆரஞ்சுச் சிறகு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பிள்ளை. ஓரிதழ்த்தாமரையையும் தின்னும் என்று சொன்னேன். நண்பர் குனிந்து, புழு இருந்த இலையை மெல்லத் திருப்பிப் பார்த்தார்.