மலைச் சைக்கிளும் மின்விசையும்

சைக்கிள் நமக்குப் புதியதன்று. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. 1956-இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. அக்காலந்தொட்டுச் சைக்கிள் ஏறாத குடும்பம் நம் நாட்டில் அரிது. காற்றடிக்கும் பம்பும் தண்ணீர்த் தொட்டியும் நாலு ஸ்பானரும் வைத்துக்கொண்டு தெருமுனையில் பஞ்சர் ஒட்டித் தரும் தொழிலாளி, மும்பையானாலும் தில்லியானாலும் கொல்கத்தாவானாலும் நம் எல்லோருக்கும் அறிமுகமானவரே.

ஆனால் இன்று பெங்களூர், புனே போன்ற நகரங்களில் வாழும் நம்மவர் சிலரிடம் புதுவகைச் சைக்கிள் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி, மிதிகட்டைகளின் நடுவே மின்மோட்டார், சட்டத்தினுள்ளே மின்கலம். மலைப்பாதையில் ஏறுவதற்கென்றே அமைந்த இவ்வண்டி, 20 முதல் 25 கிலோ வரை எடையுள்ளது. இது நின்றுவிட்டால் தெருமுனைத் தொழிலாளி கையை விரித்துவிடுகிறார். இதில் நம் கைக்கு எட்டுவது எது, எட்டாதது எது? இவ்வினாவுக்கு விடை காண, அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று.

சைக்கிளில் மின்விசையைப் பூட்டும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 1895 டிசம்பர் 31-ஆம் நாள், அமெரிக்காவைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் என்பார், பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். 10 வோல்ட் மின்கலத்திலிருந்து 100 ஆம்பியர் வரை மின்சாரம் பெறும் மோட்டார் அது. எண்ணம் சிறந்ததே, ஆயினும் அக்கால மின்கலத்தின் பளுவைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் செல்வது எங்ஙனம்? நல்ல மின்கலம் பிறக்கும்வரை அவ்வெண்ணம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காத்திருந்தது.

மலைச் சைக்கிளின் பிறப்பு வேறொரு கதை. கலிபோர்னியா மாநிலத்தின் மரின் வட்டாரத்தில், டமல்பாயிஸ் மலையைச் சுற்றி வாழ்ந்த இளைஞர்கள், போருக்கு முந்திய பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, தடித்த டயர்கள் மாட்டி, மண்பாதைகளில் இறங்கினர். 1976 அக்டோபர் 21-இல் அவர்கள் ஒரு பந்தயத்தைத் தொடங்கினர். ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் 1,300 அடி இறங்கும் பாதை அது. மிதியைப் பின்னோக்கி அழுத்திப் பிரேக் பிடிக்கும் அந்த வண்டிகளில், அடிவாரம் வந்து சேர்வதற்குள் அச்சுக்கூட்டின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். மறுமுறை இறங்குமுன் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் மீண்டும் அடைத்தலுக்கு ‘ரீபேக்’ என்று பெயர்; அதுவே பந்தயத்தின் பெயராகிவிட்டது. ஒரு விளையாட்டு தன் பெயரையே பழுதுபார்ப்பிலிருந்து பெற்றது விந்தையன்றோ!

அவ்விளைஞருள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் மலைப்பாதைக்கென்றே புதிய சட்டம் ஒன்றை அமைத்தார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்தளித்த சட்டங்களைக் கொண்டு இவ்வகை வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்ப்பர்’ வெளிவந்ததும் மலைச் சைக்கிள் உலகெங்கும் பரவலாயிற்று. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது.

முன்சக்கரத்துக்கு அதிர்வுதாங்கி 1989 அளவில் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தால் வந்தது. பின்சக்கரத்துக்கு அதை அமைப்பது எளிதாக இல்லை. மிதிக்கும்தோறும் சங்கிலி இழுக்க, வண்டி ஊஞ்சல்போல் ஏறி இறங்கும். மிதிப்பவரின் வலிமையில் ஒரு பகுதி அதிலேயே கரைந்துபோகும். 1990-களில் ஹோர்ஸ்ட் லைட்னர் போன்றோர் பின்சட்டத்தைப் பல மூட்டுகளாகப் பிரித்து இக்குறையைக் குறைத்தனர். எனினும் பளு கூடியது; மூட்டுகள் பெருகின.

இந்நிலையில்தான் மின்விசை துணைக்கு வந்தது. 1991-இல் லித்தியம் அயனி மின்கலம் கடைக்கு வந்தது. 1993-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்ப மோட்டார் உதவும் சைக்கிளை வெளியிட்டது. அதிர்வுதாங்கியின் பளுவை மோட்டார் ஈடுசெய்தது. கரடுமுரடான ஏற்றத்திலும் சக்கரம் தரையைப் பற்றியிருக்குமாறு செய்து, மோட்டாரின் வலிமை வீணாகாமல் அதிர்வுதாங்கி காத்தது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்தது எனலாம்.

இனி, பழுதுகளைக் காண்போம். முதலாவது, பழுதே அல்லாத ஒன்று. மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் உதவி நின்றுவிடும். ஐரோப்பாவின் சட்டவரம்பு அது. நம் நாட்டிலும் 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள வண்டியே, குறித்த நிபந்தனைகளுக்குட்பட்டு, மோட்டார் வாகனம் என்னும் கணக்கில் சேர்வதில்லை.

இரண்டாவது, வழியில் திடீரென உதவி நின்று, திரையில் ஓர் எண் தோன்றுவது. பின்சக்கரக் கம்பியிலோ பிரேக் தட்டிலோ உள்ள சிறு காந்தத்தை முதலில் பாருங்கள். கல்லோ குச்சியோ பட்டு அது நகர்ந்திருந்தால், வேகத்தை அளக்கும் கருவி ஒன்றும் அறியாது, மோட்டாரும் ஓய்ந்துவிடும். காந்தத்தை உரிய இடத்தில் நிறுத்தினால் வண்டி ஓடும். சில வகைகளில், மின்சாரம் இயக்கும்போது மிதியில் கால் வைத்திருந்தாலே அளவுகருவி பிழைபடும். காலை எடுத்துவிட்டு மீண்டும் இயக்குதல் போதும். மின்கல முனைகளில் ஈரமோ சேறோ உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கிறீச்சிடும் ஓசை. மோட்டாரைக் குறைசொல்லுமுன் பின்சட்டத்தின் மூட்டுகளைத் துடைத்து, திருகாணிகளைக் குறித்த அளவுக்கு முடுக்கிப் பாருங்கள். விசையோடு பீய்ச்சும் நீரால் வண்டியைக் கழுவினால் நீர் பேரிங்குகளுக்குள் புகும். அதிர்வுதாங்கியில் காற்றின் அளவும் முக்கியம். வண்டிமேல் அமர்ந்ததும் அதன் முழு அசைவில் 25 முதல் 30 விழுக்காடு அமிழ வேண்டும். டயருக்கு ஊதும் பம்பு இதற்கு உதவாது. தனிப் பம்பு வேண்டும். சங்கிலியோ, மனிதவிசையோடு மோட்டார்விசையையும் சேர்த்துத் தாங்குவதால் விரைவில் தேயும். அது நூற்றுக்கு அரைப்பங்கு நீண்டதும் மாற்றாவிடில் பற்சக்கரங்களும் கெடும்.

மின்கலத்தில் மட்டும் துணிச்சல் கூடாது. நாக்பூர் வெயிலில் அதைக் காயவிடுதலும், சிம்லாவின் உறைபனியில் மின்னேற்றுதலும் தீங்கு. நெடுநாள் வைப்பதாயின் 30 முதல் 60 விழுக்காடு மின்சாரம் இருக்கட்டும். அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். வீட்டு வாசலை மறித்தபடி மின்னேற்றாதீர்கள். கீழே விழுந்ததையும் உப்பியதையும் மின்னேற்றலாகாது. பெட்டியைப் பிரித்தலும் ஆகாது. தீப்பற்றினால் வீடே அழியும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் அன்பர்கள் மற்றொன்றும் அறிக: பயணி விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தை எடுத்துச்செல்ல இயலாது, இவ்வண்டிகளின் மின்கலமோ பெரும்பாலும் 500-க்கு மேற்பட்டது.

எஞ்சியிருப்பது மோட்டாரும் அதனுள் உறையும் கணிப்பொறி நிரலும். பல வகைகளில் இவற்றை ஆராயும் கருவி விற்பனையாளரிடமே உண்டு. நிறுவனம் கைவிட்டால் மாற்று மின்கலமும் கிட்டாது. பெருவிலை தந்து வாங்கிய வண்டி வெறும் பளுவாகிவிடும். இதனை உணர்ந்தே பழுதுபார்க்கும் உரிமையைப் பல நாடுகள் பேசத் தொடங்கின. நம் நாட்டில் 2022-இல் நுகர்வோர் துறை இதற்கெனக் குழு அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டம் மின் சைக்கிள் மின்கலத்தையும் கருத்திற் கொண்டது.

ஆதலின் வாங்குமுன் விலையைக் கேட்பதோடு நில்லாமல், நாம் வாழும் ஊரிலேயே மோட்டாரைப் பார்ப்பவர் உண்டா, மாற்று மின்கலம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்றும் கேளுங்கள். மாற்றலாகி வேறு மாநிலம் செல்ல நேரிடும் நமக்கு இவ்வினா பெரிதும் பொருந்தும். கிரீஸ் அடைத்த கைகளில் பிறந்த வண்டி இது. அதன் காந்தமும் சங்கிலியும் காற்றும் மூட்டும் இன்றும் நம் கைக்கு எட்டுவனவே. அவற்றை அறிந்து பேணுபவருக்கே வண்டி உரியதாகும்.