மக்கள் பூங்கா: ஆக்கிரமித்தது யார்?

பட்டணம் பார்த்து வந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் என் பாட்டி இரண்டு காலேஜ்களைச் சொல்வாள். ஒன்று உயிர்க் காலேஜ். இன்னொன்று செத்த காலேஜ். முன்னது மிருகக்காட்சி சாலை, பின்னது எழும்பூர் மியூசியம். எழுத்தறியாத சனங்களின் வேடிக்கை என்று இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். அப்படியல்ல. தாங்கள் புழங்கும் இடத்துக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சனங்கள் கையிலெடுத்ததன் தடயம் அது. பெயரில் வரலாறும் இருக்கிறது. 1855இல் பால்ஃபர் தொடங்கிய மிருகக்காட்சி சாலை முதலில் மியூசிய வளாகத்திலேயேதான் இருந்தது. உயிரும் செத்ததும் ஒரே காம்பவுண்டில்.

1863இல் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, கவர்னர் டிரெவிலியன் 1859இல் ஏற்படுத்திய 116 ஏக்கர் பூங்கா அது. பெயரே 'மக்கள் பூங்கா'.

அப்புறம் நடந்தது என்ன? 1880களில் ஒரு துண்டு விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குப் போனது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் நகராட்சி நிர்வாகமே ரிப்பன் மாளிகை கட்டிக்கொண்டு குடிவந்தது. பிறகு விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்து, அந்த இடம் ரயில்வேயின் கட்டடமானது. அதே ஆண்டு வண்டலூரில் புதிய மிருகக்காட்சி சாலை திறக்கப்பட்டது. மிச்சமென்று சொல்ல மை லேடீஸ் பூங்கா.

இந்தப் பட்டியலில் ஒரு குடிசைகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாமே 'பொது'க் காரியங்கள். பொது என்ற பெயரிலேயே பொதுவெளி தின்று தீர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் ரிப்பன் மாளிகையைப் பார்த்து ஒருபோதும் உச்சரிக்கப்பட்டதில்லை. அது நடைபாதையில் சாக்கு விரித்துப் படுப்பவனுக்கென்றே ஒதுக்கப்பட்ட சொல். பூங்காவுக்கு நூறு வயதானபோது, 1959இல், பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்க ஒரு சட்டம் வந்தது. பட்டியலிட்ட பூங்காவை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, நிர்வாக அதிகாரியின் முன் அனுமதி இருந்தாலொழிய. பூட்டும் அவர்களிடம், சாவியும் அவர்களிடம்.

இதை வெறும் சொல் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1995 ஜனவரி 30 காலை, டெல்லி அசோக் விஹாரில் பூங்காவுக்கென ஒதுக்கிய திறந்தவெளியில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் வெளிக்குப் போனான். பக்கத்துக் குடிசைப் பகுதிக்காரர்களுக்கு அதுதான் கக்கூஸ். வீட்டுக்காரர்கள் சிலரும் இரண்டு போலீஸ்காரர்களும் சேர்ந்து அவனை அடித்தே கொன்றார்கள். ஆத்திரத்தில் திரண்டு வந்த குடிசைவாசிகள் மீது போலீஸ் சுட்டதில் மேலும் நான்கு பேர் செத்தார்கள். அடித்தவர்களுக்குத் தாங்கள் பூங்காவைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பு. பசுமை என்பது அங்கே ஒரு வர்க்கத்தின் வேலியாகிவிட்டது.

மரங்களுக்காகவும் பூங்காக்களுக்காகவும் இன்று வழக்காடும், தெருவில் இறங்கும் நண்பர்களோடு எனக்குச் சண்டையில்லை. போன இடங்கள் மீட்கப்பட வேண்டியவைதான். ஆனால் நாம் கேட்பதென்ன? காலையில் நடைப்பயிற்சிக்குத் திறந்து, வெயில் ஏறியதும் பூட்டுகிற பூங்காவையா? கட்டட வேலை முடிந்து வருகிறவர் மத்தியானம் நிழலில் துண்டை விரித்துக் கண்ணயர முடியாத பூங்காவை, தண்ணீர்க் குழாயும் கக்கூஸும் இல்லாத பூங்காவை மீட்டு, யாரிடம் கொடுக்கப் போகிறோம்? உயிர்க் காலேஜ் என்று பெயர் வைத்தார்களே, அவர்களுடைய பேரப்பிள்ளைகளை வாட்ச்மேன் உள்ளே விடுவாரா?