பவுலின் பெயர் தாங்கிய ஆலயம்



கதிர்காமத்திலிருந்து நகருக்குள் செல்லும்போது மிஷன் வீதியில் நீங்கள் காணும் பேராலயத்தை ஊரார் இன்றும் சம்பா கோயில் என்றே அழைக்கின்றனர். பரிசுத்த பவுலின் பெயரே மக்கள் நாவில் அவ்வாறு மருவிற்று. இப்போதுள்ள கட்டடம் 1791இல் நிறைவுற்றது. அதற்கு முன்பு அங்கே நின்ற ஏசு சபையாரின் ஆலயத்தைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அவ்வாலயத்தை அடுத்து வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட வந்திருந்த வேளையில், ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சி அக்கோயிலை இடித்தது. ஏசு சபைக் குருமார் நெடுநாள் விரும்பிய காரியம் அது. குரு ஒருவர் லிங்கத்தைக் காலால் உதைத்துச் சுத்தியலால் உடைத்தார் என்று துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அதே நாட்குறிப்பில் மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுங்கள். 1745 அக்டோபர். அயலாரின் கோயிலைக் குற்றங்கண்ட அந்த ஆலயத்துக்குள்ளேயே ஒரு சுவர் நின்றது. ஒருபுறம் பறையர் குலத்துக் கிறிஸ்தவர்கள். மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். ஒதுக்கப்பட்டவர்கள் மூத்த குருவிடம் முறையிட, அவர் அச்சுவரை இடிக்கச் செய்தார். இந்த நீதியை அவர் செய்தார் என்பதை நாம் மறைக்கலாகாது. அதை எதிர்த்துக் கொந்தளித்தவர்கள் யார்? ஞானஸ்நானம் பெற்று, ஒரே பலிபீடத்தின் முன் முழங்காலிட்ட சபையார்தாம்.

இதை எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர். சாதி வழக்கங்களைத் தாமும் பேணியவர். ஆயினும் நம் கண்ணிலிருந்த உத்திரம் அவருடைய ஏட்டில்தான் பதிவாயிற்று. விக்கிரகங்களை அருவருக்கிறவன் கோயில்களைக் கொள்ளையிடலாமோ என்ற கருத்தில் ரோமர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கிறார். அவர் பெயர் தாங்கிய ஆலயத்திலேயே அக்கேள்வி கேட்கப்படாமற்போயிற்று.

அவர்கள் கத்தோலிக்கர், நாமோ சீர்திருத்தச் சபையார் என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். மத்தேயு 7ஆம் அதிகாரம் அதற்கும் இடந்தரவில்லை. தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலும் தமிழ்ச் சபையார் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தனர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையையே விட்டு வெளியேறினர். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகுவது அவர்களுக்கு அத்துணைக் கடினமாயிருந்தது.

நம் ஆலயத்தில் சுவர் இல்லை, பாத்திரமும் ஒன்றே. உங்கள் மகனுக்கோ மகளுக்கோ வரன் பார்க்கையில், விசுவாசக் குடும்பமா என்று கேட்ட பிறகு நீங்கள் தாழ்ந்த குரலில் கேட்கும் இரண்டாவது கேள்வி எது?