நூற்றுக்கு இத்தனை என்று பீஸ் பேசலாமா?

‘பர்சன்டேஜ் வக்கீல்’ என்ற சொல் என் காதில் முதலில் விழுந்தது, ஓசூரில் சிப்காட்டுக்கு நிலம் எடுத்த 1970-களில். 1894-ஆம் வருடச் சட்டப்படி, அரசு தரும் விலை போதாது என்றால் ஆட்சேபம் தெரிவித்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, கூடுதல் தொகைக்கு கோர்ட்டுக்குப் போக முடிந்தது. கையில் காசில்லாத விவசாயி, “ஜெயித்தால் இவ்வளவு தருகிறேன்” என்பார். அப்போது அது உதவியாகத்தான் தெரிந்தது.

1984-இல் சட்டத்தைத் திருத்தி, ஆறுதல் தொகையை 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக்கினார்கள், வட்டியும் கூடியது. வக்கீலின் வேலை அதேதான். ஆனால் அவருடைய பங்கு தானாகவே பெருத்தது.

பிறகு அதே பழக்கம் விபத்து வழக்குகளுக்கும் வந்தது. ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும் பையன்கள் நம் நெடுஞ்சாலையில் அடிபடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாய்க்கு, மகன் உயிருக்கு வந்த நஷ்டஈட்டில் மூன்றில் ஒரு பங்கு பீஸாகவே போயிற்று. “அதுதான் வழக்கம் போலிருக்கு, சார்” என்றார் அந்த அம்மா.

அமெரிக்காவில் அது அனுமதிக்கப்பட்ட வழக்கம்தான். நம் நாட்டில் அப்படியல்ல. வசூலாகும் தொகையில் பாதி எனக்கு என்று ஒப்பந்தம் போட்ட ஒரு சீனியர் வக்கீலின் செயல் தொழில் ஒழுங்கீனம் என்று 1954-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசக்கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக்கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. 2017-இல், தெலங்கானாவில் விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண் மீது வக்கீல் போட்ட செக் வழக்கை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. நஷ்டஈட்டில் சதவீதம் கேட்பது பொது நலனுக்கு விரோதம் என்றும் சொன்னது.

பீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைத் தராமல் வைத்துக்கொள்ளவும் வக்கீலுக்கு உரிமையில்லை. இது 2000-ஆம் வருடத் தீர்ப்பு.

நியாயமான பீஸ் வாங்கும் வக்கீல்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. உழைப்புக்குக் கூலி தரத்தான் வேண்டும். தொகையை முதலிலேயே பேசி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். கிருஷ்ணகிரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். அந்த அம்மாவுக்கு அன்று இதை யாரும் சொல்லவில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.