மானியத்துக்குப் பிறகு யார் வாங்குவது? பட்டு, மருத்துவக் கருவி, ஆரணி

பட்டுத் துணியைக் கொண்டு ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்று காட்டிய ஆய்வு 2011-இல் ‘லேப் ஆன் எ சிப்’ இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள், பெங்களூரின் அசிரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனத்தைச் சேர்ந்த தனஞ்ஜெய தெண்டுகூரியும் சகாக்களும். பட்டிழையில் வினைபொருளைப் பூசி, அந்த இழையைக் கைத்தறியில் நெய்து, துணியைக் கீற்றுகளாக வெட்டினால் கருவி தயார். காய்ச்சிக் கோந்து நீக்கிய பட்டு நீரை உறிஞ்சும். காய்ச்சாத பட்டு எளிதில் உறிஞ்சாது. ஆகவே எந்த இழை பாவில் நிற்கிறது, எது ஊடையில் வருகிறது என்பதைக் கொண்டே திரவம் போகும் வழியை வகுத்துவிடலாம். 2015-இல் அதே குழு, மின்கடத்தும் மை பூசிய பட்டிழைகளை மின்முனைகளாக வைத்து நெய்து காட்டியது. ஜரிகை போட்டு நெய்கிறவருக்கு இதன் தர்க்கம் உடனே பிடிபடும். நீரிழிவுக்கான பட்டுக் கீற்றை மேம்படுத்த, கனடா அரசின் நிதியில் இயங்கும் கிராண்ட் சாலஞ்சஸ் கனடா 1 லட்சம் கனடிய டாலர் மானியம் அளித்தது.

இந்தக் கதையில் ஆரணியை நான் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் இவ்வூரின் பட்டு, புவிசார் குறியீடு பெற்றது. பட்டிழையைச் சீராக முறுக்குவது, சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுவது, அறுந்த இழையை அடையாளம் தெரியாமல் சேர்ப்பது ஆகிய கைத்திறன்கள் இங்கே தலைமுறைகளாகக் குவிந்திருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையோ நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மூலப்பொருள், கைத்திறன், பெரிய மருத்துவமனை மூன்றும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஊர்கள் குறைவு. இங்கிருந்து மருத்துவத் தொழில்நுட்பம் ஒன்று எழ வேண்டுமானால், இன்றைய மானிய ஏற்பாடு அதற்குப் போதுமா? போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். தொகை குறைவு என்பதல்ல என் குறை. மானியம் முடிகிற இடத்தில் வாங்குபவர் இல்லை என்பதே குறை.

இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் சிறுதொழில் ஆய்வுக்கான எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. திட்டத்தைத் தொடங்கியது. 2012-இல் அமைக்கப்பட்ட பைராக் நிறுவனம் அந்தப் பணியை விரிவாக்கியது. அதன் ‘பிக்’ மானியம் 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தரும். கருத்து செயல்படுமா என்று நிரூபிக்க அது கணிசமான தொகைதான். அத்திட்டம் தனிநபர் ஆய்வாளரையும் பதிவுபெற்ற புத்தாக்க நிறுவனத்தையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. இன்குபேட்டரோ சொந்த ஆய்வுக்கூடமோ இருக்க வேண்டும். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இந்த விண்ணப்பத்தில் தன்னை எங்கே பொருத்திக்கொள்ளும்? பட்டுக் கீற்று போன்ற ஒரு திட்டத்தில் நெசவாளருக்குக் கூலி என்ற தலைப்பில் இடம் கிடைக்கலாம். இழையைப் பற்றிய அவரது அறிவுக்குத் தலைப்பே இல்லை. இது சிறு குறையல்ல, ஆனால் சரிசெய்யக்கூடியது. அடுத்தது கடினமானது.

இத்தகைய திட்டங்களின் மூலமாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் 1977-இல் தொடங்கிய சிறு முயற்சி 1982-இல் சட்டமானது. அது மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலிரண்டில் மானியம் உண்டு. மூன்றாவதில் திட்டப் பணம் கிடையாது. ஆனால் அரசுத் துறைகள் புதிதாகப் போட்டி நடத்தாமலேயே அந்த நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடச் சட்டம் இடமளிக்கிறது. உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது பெரும்பாலும் முதலிரண்டு கட்டங்களே.

அந்தத் திட்டத்தின் பலன் குறித்த ஆய்வுகளும் ஒருமுகமாக இல்லை. ஜோஷ் லெர்னர் 1999-இல் 1,435 நிறுவனங்களை ஆராய்ந்தார். மானியம் பெற்றவை வேகமாக வளர்ந்தன. ஆனால் அந்த வளர்ச்சி, துணிகர முதலீடு ஏற்கெனவே புழங்கும் வட்டாரங்களில்தான் தெரிந்தது. ஸ்காட் வால்ஸ்டன் 2000-இல் இன்னும் கசப்பாகச் சொன்னார்: அரசுப் பணம் வந்த அளவுக்கு நிறுவனங்கள் தம் சொந்த ஆய்வுச் செலவைக் குறைத்துக்கொண்டன. சப்ரினா ஹோவெல் 2017-இல் எரிசக்தித் துறை மானியங்களை ஆராய்ந்து, முதற்கட்டச் சிறுதொகை துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது என்றும், இரண்டாங்கட்டப் பெருந்தொகையால் அத்தகைய பயன் இல்லை என்றும் கண்டார். மூவரையும் ஆரணியில் நின்று வாசித்தால் லெர்னரே அதிகம் உறுத்துகிறார். துணிகர முதலீடு புழங்காத ஊரில் மானியம் எதைத் தூண்டும்? அங்கே புழங்கும் முதல் எல்லாம் நூல் கடனும், முகூர்த்த சீசனை நம்பிய முன்பணமும்தான்.

மதுரை வேறொரு விடை தருகிறது. கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தேவைக்காக 1992-இல் அரோலேப் உருவானது. அதற்கு முதுகெலும்பாக நின்றவை வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளின் உதவியும் தொழில்நுட்பப் பரிமாற்றமும். இறக்குமதி விழிலென்ஸின் விலையில் சிறு பங்குக்கு அதனால் லென்ஸ் தர முடிந்தது. பொறியியல் திறமைக்கு இதில் பங்கு உண்டு. ஆனாலும் முதல் லென்ஸ் வெளிவரும் முன்பே அதை வாங்கப்போகிறவர் யார் என்று தெரிந்திருந்தது என்பதே எனக்குத் தீர்மானமான காரணமாகப் படுகிறது. டிடிகே சித்ரா இதய வால்வும் ஏறத்தாழ இதே கதைதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்துக்கு ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் இரண்டும் சொந்தம். 1990 டிசம்பரில் முதல் வால்வு பொருத்தப்பட்டது. செய்தவர்கள் ஒரு பக்கம், பயன்படுத்தும் அறுவை மருத்துவர் மறு பக்கம் என்ற பிரிவே அங்கு இல்லை.

வாங்கி வாழவைப்பது தமிழக அரசுக்குப் புதிய வித்தையும் அல்ல. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளருக்குத் தந்தது முதன்மையாகச் சந்தையைத்தான். 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம், பொங்கல் தோறும் ஆயிரக்கணக்கான தறிகளுக்கு முன்கூட்டியே தெரிந்த ஆர்டராக அமைந்தது. அதன் தரம் குறித்தும் விசைத்தறிகளின் பங்கு குறித்தும் எவ்வளவோ சண்டை போடலாம். கொள்முதல் ஒரு தொழிலைத் தாங்கும் என்பதை அது நிரூபித்துவிட்டது. மருத்துவத்திலும் அதே கை நீளமானது. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்யும் முறையால் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடுவீடாகச் சர்க்கரை அளவு பார்க்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. சோதனைக் கீற்றுக்கு இதைவிட நிச்சயமான வாடிக்கையாளர் யார்?

ஆனால் மையக் கொள்முதல் மலிவாக வாங்க வகுக்கப்பட்டது. புதியதை வாங்க அல்ல. சில ஆண்டு விற்பனை வரலாறும் குறைந்தபட்ச விற்றுமுதலும் கேட்பது பொது டெண்டர்களின் வழக்கம். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், தரம் குறையாதவரை புத்தாக்க நிறுவனங்களுக்கு இந்த நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்கின்றன. தளர்வு நல்லதுதான். எனினும் அது டெண்டரில் கலந்துகொள்ளும் உரிமையைத் தருகிறதே தவிர, எத்தனை கீற்றுகள், எந்த விலைக்கு, எப்போது என்று சொல்வதில்லை. வங்கி மேலாளர் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மக்கள் உடலைத் தொடும் பொருளை, உள்ளூர்ப் பாசத்துக்காக அரசு வாங்கலாமா? கூடாது. வீட்டுக் குழித்தறியில் நெய்த துணி மருத்துவக் கருவியாக முடியாது. தூசியும் ஈரப்பதமும் பூசிய நொதியைக் கெடுத்துவிடும். 2017 மருத்துவக் கருவி விதிகள் கருவிகளை இடரின் அளவுப்படி நான்கு வகுப்புகளாகப் பிரித்து, உரிமமும் தர மேலாண்மையும் கட்டாயமாக்குகின்றன. தறி கட்டுப்படுத்தப்பட்ட அறைக்குள் போக வேண்டும், நெசவாளர் அங்கே ஊதியத்துக்கு வர வேண்டும். ஆகவே இதனால் ஆரணியின் எல்லாத் தறிகளும் பிழைக்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். சேலை நெசவின் நெருக்கடிக்கு இது மருந்தே அல்ல. ஓர் அறையில் சில தறிகள் என்பதே நேர்மையான கணக்கு.

அந்தச் சில தறிகளுக்காவது வழி வேண்டுமெனில், நிபந்தனையுடன் கூடிய முன்கொள்முதல் உறுதி தேவை. துல்லியத்தின் வரம்பு என்ன, வெயில் காலத்தில் குளிர்பெட்டி இல்லாமல் எத்தனை மாதம் தாங்க வேண்டும், உச்சவிலை என்ன என்பவற்றை மருத்துவப் பணிகள் கழகம் முதலிலேயே அறிவிக்க வேண்டும். சார்பற்ற ஆய்வுக்கூடம் சான்றளித்தால், ஒரு மாவட்டத்தின் ஓராண்டுத் தேவையில் குறிப்பிட்ட பங்கை வாங்குவதாக எழுத்தில் தர வேண்டும். தேறாவிட்டால் அரசுக்குச் செலவு இல்லை. தேறினால், மானியத்தில் இணை விண்ணப்பதாரராக நெசவாளர் சங்கம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி செய்தால் அதற்கும் அப்போதுதான் பொருள் வரும்: பங்கிட்டுக்கொள்ள வருவாய் என்று ஒன்று இருக்கும்.