கடற்கரைக்குப் போன கார்னெட்டுகள்

பித்தளை ஊதுகருவிகளுக்குக் கடற்கரை ஆகாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கடற்காற்றில் வரும் உப்பு அதன் மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் பித்தளை கறுக்கும், களிம்பு ஏறும். கவனிக்காமல் விட்டால் துத்தநாகம் மட்டும் அரித்துப்போய், செம்பு சிவப்புப் புள்ளிகளாக மிஞ்சும். அந்த இடத்தில் குழாய் வலுவிழந்துவிடும். மணல் இன்னொரு தொல்லை. கார்னெட்டின் மூன்று வால்வுகளும் மிகக் குறுகிய இடைவெளியில் ஏறி இறங்குபவை. உள்ளே கொஞ்சம் மணல் போனாலே சிக்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் வைத்தியம் எளிது. வாசிக்காத நேரத்தில் கருவியைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வால்வுகளுக்கு எண்ணெய் விட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களுக்குப் போன சில ஊதுகருவிகளுக்கு உப்பையும் மணலையும் விடப் பெரிய ஆபத்து காத்திருந்தது. கல்லடி ஒரு பக்கம், சிறைத் தண்டனை இன்னொரு பக்கம். அந்தக் கருவிகள் இரட்சணிய சேனையின் பேண்டு வாத்தியங்கள்.

பாதுகாப்புக்கு வந்த வாத்தியம்

வில்லியம் பூத் 1865-ல் கிழக்கு லண்டனில் ஏழைகளிடையே தொடங்கிய ஊழியம் 1878-ல் இரட்சணிய சேனை என்ற பெயரைப் பெற்றது. இவர்கள் தெருவில் நின்று பாடினார்கள், குடிக்கு எதிராகப் பேசினார்கள். சும்மா இருப்பார்களா எதிராளிகள்? அடிதடி நடந்தது. அதே 1878-ல் சாலிஸ்பரி நகரில் சார்லஸ் ஃப்ரை என்ற கட்டடத் தொழிலாளரும் அவருடைய மூன்று மகன்களும் தெருக்கூட்டங்களுக்குக் காவலாக வந்தார்கள். வரும்போது தங்கள் ஊதுகருவிகளையும் கொண்டுவந்து பாட்டுக்கு வாசித்தார்கள். சேனையின் முதல் பேண்டு அதுதான். கூட்டத்தைக் காக்க வந்தவர்கள் கொண்டுவந்த வாத்தியத்தையே அடுத்த சில ஆண்டுகளில் காக்க வேண்டியதாயிற்று.

கடற்கரை ஊர்களுக்கு என்ன கோபம்?

இதில் வியாபாரக் கணக்கும் இருந்தது. ரயில் பாதைகள் வந்த பிறகு இங்கிலாந்தின் கடலோர ஊர்கள் விடுமுறைக்கு வருபவர்களை நம்பியே வளர்ந்தன. ஈஸ்ட்போர்னுக்கு ரயில் 1849-ல் வந்தது. தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை, மதுக்கடை எல்லாவற்றுக்கும் கோடைக்கால வருமானம்தான் ஆதாரம். வசதியான குடும்பங்களுக்கு இந்த ஊர்கள் விற்ற சரக்கு அமைதி, அதிலும் ஞாயிற்றுக்கிழமை அமைதி. அந்த நாளில் முரசும் டிராம்போனுமாக ஏழைகளின் ஊர்வலம் வந்தால் வருமானம் போய்விடும் என்று பயந்தார்கள். மதுக்கடைக்காரர்களுக்குத் தனியாகவும் கோபம் இருந்தது.

வெஸ்டன் சூப்பர் மேர் என்ற கடற்கரை ஊரில் "எலும்புக்கூட்டுச் சேனை" என்ற பெயரில் ஓர் எதிர்க்கூட்டமே உருவானது. 1882 மார்ச்சில் அங்கே ஊர்வலத்தைக் கலைக்கச் சொன்ன காவல்துறையின் உத்தரவை பீட்டி என்பவரின் தலைமையில் சென்றவர்கள் ஏற்கவில்லை. கைதானார்கள். வழக்கு லண்டன் மேல் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே பீட்டியின் பக்கம் தீர்ப்பு கிடைத்தது. சட்டப்படி நடக்கும் ஒருவரை, அவரைப் பார்த்து மற்றவர்கள் கலகம் செய்வார்கள் என்பதற்காகத் தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இது.

தீர்ப்பு வந்துவிட்டது, கல்லடி நிற்கவில்லை. 1884-ல் வொர்திங் என்ற கடலோர ஊரில் கலகம் முற்றி, படைவீரர்களை வரவழைக்க வேண்டியிருந்தது.

பீரங்கியோடு சேர்ந்த கார்னெட்

நீதிமன்றம் காட்டிய வழியில் ஓர் ஓட்டை இருந்தது. சட்டப்படி நடப்பவரைத் தண்டிக்க முடியாது, சரி. சட்டத்தையே மாற்றிவிட்டால்? ஒரு நகரம் தனக்கென்று ஒரு தனிச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொள்ள முடியும். 1885-ல் வந்த ஈஸ்ட்போர்ன் சட்டத்தின் 169-வது பிரிவு, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலங்களில் வாத்தியம் வாசிப்பதைத் தடை செய்தது. அதே வரிசையில் வாணவேடிக்கை, துப்பாக்கி, பீரங்கிச் சத்தமும் இருந்தன. அரசுப் படைகளின் பேண்டுக்கு மட்டும் விலக்கு. எந்த அமைப்பின் பெயரும் அதில் இல்லை. டார்க்கீ என்ற கடலோர ஊரும் 1886-ல் இப்படி ஒரு பிரிவைப் பெற்றது. 1888-ல் அது நீக்கப்பட்டது.

ஈஸ்ட்போர்னில் 1891-ல் மோதல் உச்சத்துக்கு வந்தது. லண்டனிலிருந்து பேண்டுக்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். வாசித்தவர்கள் கைதானார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். தெருவில் கும்பல் கருவிகளைப் பிடுங்கி மிதித்து உடைத்தது.

உடைப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஊதுகருவியின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. டிராம்போனில் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் வழுக்கிப் போக வேண்டும். அதில் ஒரு சொட்டை விழுந்தால் கருவி நின்றுவிடும். வாசிக்கும்போது யாராவது கருவியில் அடித்தால் ஊதுவாய் நேராக உதட்டிலும் பல்லிலும் இடிக்கும். பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கலாமே என்றால், பெட்டிக்குள் இருக்கும் கார்னெட் வாசிக்காது. வாசிப்பதற்குத்தானே அவ்வளவு தூரம் வந்தார்கள்!

கடைசியில் பிரச்சினை மறுபடியும் நாடாளுமன்றத்துக்கே போய், 1892-ல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. வெஸ்டன் கைதுகளிலிருந்து எண்ணினால் பத்து ஆண்டுகள். நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று மட்டும் போதாமல், கெட்ட சட்டத்தை எடுக்க இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

அதே ஈஸ்ட்போர்ன் 1935-ல் கடலைப் பார்த்தபடி, நீலக் குவிமாடம் வைத்து ஒரு பெரிய பேண்டு மேடையைத் திறந்தது. ஒரு காலத்தில் வருமானத்தைக் கெடுக்கும் என்று ஊர் பயந்த பித்தளைச் சத்தத்தைக் கேட்கவே பிறகு மக்கள் காசு கொடுத்து வந்தார்கள். அங்கே வாசிப்பவர்களுக்கு மிஞ்சியிருந்த எதிரி கடற்காற்றின் உப்புதான். அதைத் துடைக்க ஒரு துணி போதும்.