‘நே’யும் ‘அல்வா’வும்

சப்பானியர் இருவர் அளவளாவுங்கால் வாக்கியத்தின் இறுதியில் ‘நே’ என்றொரு சிற்றசை அடிக்கடி ஒலிக்கும். ‘இன்று குளிர் மிகுதி, நே’ என்பது போல, தம் கூற்றுக்குக் கேட்போரின் இசைவை வேண்டும் அசை அது. நெருங்கிய நண்பரிடையே ‘ஜனை’ என்றும் வினவுவர். ‘தே வா நை’ என்னும் தொடரின் மரூஉ இது. ‘நை’ என்பது எதிர்மறை.

கேட்ட தமிழர்க்கு உடனே ‘வருவாய்தானே’, ‘இல்லையா’ என்பன நினைவில் எழும். பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் சப்பானியத்துக்கும் ஒலியொப்புமை காட்டி 1980இல் நூல் வெளியிட்டவர். யாழ்ப்பாணத்துச் சண்முகதாசும் மனோன்மணி அம்மையாரும் அவ்வாய்வில் துணைநின்றனர். அச்செய்தி நமக்களித்த பெருமிதம் சிறிதன்று.

ஆயினும் ‘தானே’ என்பதைப் பிரித்து நோக்குக. தான் + ஏ. னகரம் ‘தான்’ என்பதற்குரியது. எஞ்சுவது ஏகாரம் ஒன்றே. தொல்காப்பியர் அதற்குரைத்த ஐம்பொருளுள் தேற்றமும் வினாவும் உள. தேறியதையே வினாவாக்கிக் கேட்கும் நயம் அங்குப் பிறந்தது. சப்பானிய ‘நே’யோ அவ்வாறு பிரியாத தனியசை. எதிர்மறையால் இசைவு கேட்டல் ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் உண்டு. அதனால் அவர் நமக்கு உறவினராகார். மொழியியலார் பெரும்பாலோர் ஓனோவின் முடிபை ஏற்றிலர்.

மெய்யான உறவு நம் அண்டை வீட்டில் இருக்கிறது. ‘நாளெ பர்த்தீரா, அல்வா?’ என்று கன்னடத்து அம்மையார் கேட்கிறார். பெங்களூருக்குப் புதிதாய் வந்தவர் இனிப்புப் பண்டம் என்றெண்ணி நகைப்பதுமுண்டு! அது ‘அல்லவா’வேயன்றி வேறன்று. தன்மையை மறுக்க ‘அல்ல’, இருப்பை மறுக்க ‘இல்லை’ என்னும் வேறுபாடு தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுச் சொத்து. மலையாளியும் ‘அல்லே’ என்பார். நாமோ பேச்சில் ‘அல்ல’வைப் பெரிதும் இழந்தோம், இல்லத்தில் ‘இல்லையா’ என்போம், ‘அல்லவா’வை ஏட்டிலும் மேடையிலும் வைத்தோம். நாம் போற்றிவைத்த சொல்லைக் கன்னடர் கடைத்தெருவில் வழங்குகின்றனர்.

1809இல் இங்குத் தண்டு அமைந்தது முதல் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இருமொழியும் ஒரே தெருவில் வாழ்கின்றன. ‘சாப்பிட்டாச்சு, அல்வா?’ என்று தமிழ்ச் சிறுமியொருத்தி தன் பாட்டியை வினவ ஒருநாள் கேட்டேன். கன்னடம் கலந்துவிட்டாள் எனத் தாயார் கடிந்தார். பாட்டியோ, “ஆச்சுடி கண்ணே” என்று விடையளித்துவிட்டு வெற்றிலையைத் தேடலானார்.